முதலும் இலாபமும்

நாள் முழுவதும் இறைக்கட்டளைகளை நினைவிற் கொண்டு வாழ்வது எவ்வாறு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) இதற்கு வணிகரின் வழக்கத்தைக் கொண்டே விடை கூறுகிறார்கள். ‘இஹ்யா உலூமித்தீன்’ பெருநூலின் 40 பகுதிகளுள் 38ஆவது இதற்கென்றே அமைந்ததாகும்.

மனிதனின் மூலதனம் ஆயுள்; அதைக் கையாளும் கூட்டாளி நஃப்ஸ். கூட்டாளியிடம் பணத்தை ஒப்படைக்கும் வணிகர் முதலில் நிபந்தனை பேசுவார், பின்னர்க் கண்காணிப்பார், இறுதியில் கணக்குக் கேட்பார். அவ்வாறே சுப்ஹுத் தொழுகைக்குப் பின் கண், காது, நாவு, வயிறு என ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய விதிகளை நஃப்ஸுக்கு நினைவூட்டுவது முஷாரதா. செயலின்போது விழிப்புடன் இருப்பது முராகபா. நாள் முடிவில் கணக்குப் பார்ப்பது முஹாஸபா.

அக்கணக்கை எழுதும் முறைதான் ஊன்றி நோக்கத்தக்கது. ஃபர்ளுகள் முதல், நஃபில்கள் இலாபம், பாவங்கள் நட்டம். முதல் கரைந்திருக்க இலாபத்தை எண்ணிக்கொண்டிருப்பவரை எந்தக் கடைவீதியும் வணிகர் என ஏற்காது.

‘ஃபராயிள்’ என்னும் அரபுச்சொல் கடமைகளையும் குறிக்கும். வாரிசுப் பங்கீட்டையும் குறிக்கும். தஹஜ்ஜுத் தவறாத சிலர், தந்தை விட்டுச்சென்ற சொத்தில் சகோதரிக்குரிய பங்கை ஆண்டுக்கணக்கில் கொடாதிருப்பதை நாம் காண்கிறோம். ‘அவள் கேட்கவில்லையே’ என்பர். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களில் வஸிய்யத்தும் கடனும் தீர்ந்தபின் உரிய பங்குகளை வகுத்த இறைவன், 13ஆம் வசனத்தில் அவற்றைத் தன் வரம்புகள் என்கிறான். கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்னும் நிபந்தனை அங்கில்லை.

ஃபராயிள் பாடத்தின் பின்னக் கணக்குகளை மாணவர்கள் விரைவிலேயே கற்றுவிடுகின்றனர். விடுமுறையில் ஊர் சென்று, தம் அத்தைமார்க்குரிய பங்கு என்னவாயிற்று என்று வீட்டில் விசாரித்ததாக இதுவரை ஒரே ஒரு மாணவர்தான் என்னிடம் கூறியுள்ளார்.