உங்களுக்குத் தெரியுமா? தெய்வமே விதவையான கதை

காதலியைக் காலனுக்குப் பறிகொடுக்கும் இடித்தேவனை 2022-இல் வெளிவந்த 'தார்: லவ் அண்ட் தண்டர்' படத்தில் கண்டு உருகியவர் பலர், ஆனால் தெய்வமே மணம் புரிந்து, மறுநாளே வைதவ்யம் பூணும் விருத்தாந்தம், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில், சித்திரைதோறும் 18 நாள் உற்சவமாகவே நடந்து வருகிறது.

பாண்டவர் ஜயத்தின்பொருட்டுக் களப்பலியாக இசைந்த அர்ச்சுனன் மைந்தன் அரவான், மணமாகாமல் மடிய மனமின்றி வரம் வேண்ட, சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் எவருமில்லாமையால், கண்ணபிரானே மோகினியாகி அவனை ஓரிரவு மணந்தார் என்பது ஐதிகம்.

அந்த மோகினியாகத் தம்மைப் பாவித்து, திருநங்கையர் கூத்தாண்டவர் எனப்படும் அரவானின் சந்நிதியில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, விடிய விடியக் கும்மியடித்துக் களித்து, மறுநாள் தேர், அரவான் பலியாகும் இடமான அழிகளத்தை அடைந்ததும் தாலியறுத்து, வளையல் நொறுக்கி, ஒப்பாரி வைத்தழுது, நீராடி வெள்ளைப் புடவை உடுத்துகின்றனர்.

வியாச பாரதத்திலோ இக்களப்பலி இல்லை: பகாசுரனைப் பீமன் வதைத்ததால் வஞ்சம் பாராட்டிய அலம்புசன் என்னும் அரக்கன், யுத்தத்தின் எட்டாம் நாளில் அரவானைக் கொல்கிறான், பின்னர் அவ்வரக்கனைப் பீமன் மகன் கடோத்கசன் சங்கரிக்கிறான்.