ஆட்ரி வாயசைத்தார், பாடியவர் யார்?

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பார்க்காத குடும்பம் நம் வட்டாரத்தில் குறைவு. அதில் கண்டிப்பான தந்தையாக வரும் கேப்டன் வோன் டிராப், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு 'எடல்வைஸ்' பாடலைப் பாடுவார். கண் கலங்க வைக்கும் காட்சி அது. ஆனால் அந்தக் குரல் நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருடையது அல்ல. பில் லீ என்ற பாடகர் பாடியது. அதே படத்தில் கன்னிமாடத்தின் தலைவியாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்ற பெகி வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் மார்ஜரி மெக்கே.

இப்படிப்பட்ட துணுக்குகளைத் தேடித்தேடிச் சேர்ப்பதில் பழைய ஹாலிவுட் படங்களின் ரசிகர்களுக்குத் தனி மகிழ்ச்சி. எந்தக் காட்சியில் எந்தத் துணை நடிகர் தலைகாட்டினார், யாருடைய பெயர் திரையில் வராமல் போனது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வேலையற்ற வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பாடியும் பெயர் பெறாத சிலருக்கு, அந்தப் பெயரை மறக்காமல் சொல்லி வந்தவர்கள் இவர்கள்தாம்.

நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பாடகரின் பெயரைச் சொல்லித்தான் வானொலியில் பாட்டே போடுவார்கள். இந்தியாவிலும் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1949இல் வெளிவந்த 'மஹால்' இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதாபாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதே இருந்தது. பிறகு அந்த வழக்கம் மாறியது. ஹாலிவுட் அப்போது மாறவில்லை. அங்கே பின்னணிப் பாடகர் என்பவர் ஒரு தொழில் இரகசியம். நட்சத்திரமே பாடுகிறார் என்று மக்கள் நம்ப வேண்டும், அந்த நம்பிக்கையில் இசைத்தட்டும் விற்க வேண்டும். இதுதான் ஸ்டூடியோக்களின் கணக்கு.

நானூற்று இருபது டாலர்

இந்த இரகசியத்தின் பாரத்தை அதிகம் சுமந்தவர் மார்னி நிக்சன். 1930இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். முறையாகச் சங்கீதம் பயின்றவர். அவருடைய சிறப்பு, தன் குரலை இன்னொருவர் குரலாக மாற்றிக்கொள்வது. 1953இல் மர்லின் மன்றோ பாடிய புகழ்பெற்ற வைரப் பாடலில், மர்லினுக்கு எட்டாத உச்ச சுரங்களை மட்டும் இவர் பாடிக் கொடுத்தார்.

1956இல் 'தி கிங் அண்ட் ஐ' வந்தது. சயாம் அரண்மனைக்கு ஆசிரியையாகப் போன அன்னா லியோனோவென்ஸின் கதை. அந்த அன்னா அதற்கு முன் சிங்கப்பூரில் பள்ளி நடத்தியவர். அவருடைய கணவரின் கல்லறை பினாங்கில் இருக்கிறது. படத்தில் அன்னாவாக நடித்தவர் டெபரா கெர். அவருக்குப் பாட மார்னி அமர்த்தப்பட்டார். ஆறு வார வேலை, 420 டாலர் சம்பளம்.

வேலை எளிதானதல்ல. டெபரா எப்படிப் பேசுகிறார், எந்தச் சொல்லில் மூச்சு விடுகிறார், உதட்டை எப்படிக் குவிக்கிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று மார்னி கற்றுக்கொண்டார். வசனம் முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் குரல் மாறுவது காதில் படக்கூடாது அல்லவா? சில பாடல்களில் பேச்சு டெபராவுடையது, ராகம் மார்னியுடையது.

வெளியே சொன்னால் இந்த ஊரில் உனக்கு இனி வேலை கிடைக்காது என்று ஸ்டூடியோ தரப்பு மிரட்டியதாக மார்னி பிற்காலத்தில் கூறினார். அவர் வாயைத் திறக்கவில்லை. உண்மையை ஒரு பேட்டியில் போட்டு உடைத்தவர் டெபரா கெர்தான். அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர், பாட்டு தன்னுடையது அல்ல என்று தானே சொன்னார். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

நதாலி வுட்டுக்குச் சொல்லாத செய்தி

1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பத்து ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. கதாநாயகி நதாலி வுட் தன் பாடல்களைத் தானே பாடிப் பதிவு செய்தார். அதற்கேற்ப வாயசைத்தும் நடித்தார். தன் குரலே படத்தில் வரும் என்று அவரை நம்ப வைத்திருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு மார்னியை அழைத்து, நதாலியின் உதட்டசைவைத் திரையில் பார்த்தபடி முழுவதையும் புதிதாகப் பாடச் சொன்னார்கள். முதலில் பாட்டைப் பதிவு செய்து, பிறகு அதற்கு நடிப்பதுதான் முறை. இங்கே எல்லாம் தலைகீழ். இதில் இரண்டு பெண்களுமே ஏமாற்றப்பட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் துணுக்கு ஒன்றும் இந்தப் படத்தில் உண்டு. ஐந்து தரப்பினர் சேர்ந்து பாடும் 'டுநைட்' பாடலில், ரீட்டா மொரேனோ நடித்த அனிட்டாவின் வரிகளையும் மார்னியே பாடினார். ஒரே பாட்டில் இரண்டு பெண்கள், குரல் ஒருவருடையது!

இசைத்தட்டு விற்பனையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று மார்னி கேட்டார். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று கைவிரித்தார்கள். இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் விழுக்காட்டை எடுத்துக் கொடுத்தார். தொகை சிறியதுதான். ஆனால் பாடியவருக்கும் பாட்டில் பங்குண்டு என்று ஒருவராவது ஒப்புக்கொண்டார்.

எலைசா யார்?

1964இல் 'மை ஃபேர் லேடி'. மேடையில் எலைசாவாகப் பாடிப் புகழ்பெற்ற ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்ரி பயிற்சி எடுத்தார், பாடிப் பதிவும் செய்தார். கடைசியில் பெரும்பகுதி மார்னியின் குரலாயிற்று. இந்த முறை செய்தி மறையவில்லை. படத்துக்கு எட்டு ஆஸ்கார். ஆட்ரிக்குப் பரிந்துரைகூட இல்லை. சிறந்த நடிகை விருதை 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஜூலி ஆண்ட்ரூஸ் பெற்றார்.

அதே 1964இல் நியூயார்க் மேடை ஒன்றில் எலைசாவாக நடித்துப் பாடியவர் யார் தெரியுமா? மார்னி நிக்சன், தன் சொந்தப் பெயரில்.

ஆட்ரி பாடி ஒதுக்கப்பட்ட பதிவுகளில் இரண்டு பிற்காலத்தில் டிவிடி வட்டில் சேர்க்கப்பட்டன. ரசிகர்கள் இரண்டு குரல்களையும் மாறிமாறிக் கேட்டு இன்றும் வாதிடுகிறார்கள். ஆட்ரியின் குரலில் நடுக்கம் உண்டு, உச்சத்தில் தடுமாற்றமும் உண்டு. ஆனாலும் தெருவோரம் பூ விற்கும் பெண்ணுக்கு அந்தக் குரல் பொருந்தாமல் போகவில்லை.

எல்லாவற்றையும் மிஞ்சும் வேடிக்கை 1952இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தில் இருக்கிறது. கீச்சுக்குரல் நடிகை ஒருத்திக்குத் திரைக்குப் பின்னால் நின்று ஓர் ஏழைப் பெண் குரல் கொடுப்பாள். கடைசியில் திரை விலகி உண்மை வெளிப்படும். அந்த ஏழைப் பெண்ணாக நடித்தவர் டெபி ரேனால்ட்ஸ். ஆனால் 'வுட் யூ' பாடலில் அவருக்கே குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி! பேச்சுக் குரல் கொடுக்கும் காட்சியிலோ, கீச்சுக்குரல் நடிகையாக வந்த ஜீன் ஹேகன் தன் இயல்பான இனிய குரலில் தானே பேசினார். பாடகிக்கு நியாயம் கிடைப்பதைக் கதையாகச் சொன்ன படம், பெட்டி நாய்ஸின் பெயரைத் திரையில் போடவில்லை.

மார்னி 2016 ஜூலையில், 86ஆவது வயதில் காலமானார். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அடுத்த முறை ஒளிபரப்பாகும்போது, மரியாவை என்ன செய்வது என்று கன்னியாஸ்திரிகள் கூடிப் பாடும் காட்சியைக் கவனியுங்கள். அதில் சிஸ்டர் சோபியாவாக வருபவர் மார்னி. அங்கே முகமும் அவருடையது, குரலும் அவருடையது.