'போகப்போகப் பழகிடும்'... பல் இம்பிளான்ட்டில் இந்த டயலாக் செல்லாது! ஏன் தெரியுமா?

பைக்கிலிருந்து விழுந்ததில் முன்பல் போயிருக்கலாம். சொத்தை முற்றி கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருக்கலாம். உங்களுக்கோ அப்பா, அம்மாவுக்கோ டாக்டர் 'இம்பிளான்ட் வச்சிடலாம்' என்று சொல்லியிருப்பார். தாடை எலும்புக்குள் டைட்டானியம் வேர், அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் செயற்கைப் பல். எலும்பு பிடிக்க சில மாதங்கள் காத்திருந்து, ஒருவழியாகப் பல்லை மாட்டும் நாளும் வந்துவிடும். அன்றைக்கு ஏதோ இறுக்கமாகத் தோன்றினாலும், 'போகப்போகப் பழகிடும்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

புதுச் செருப்புக்கு அது ஓகே. இம்பிளான்ட்டுக்குச் சரிவராது.

சொந்தப் பல் நகரும்... இம்பிளான்ட்?

க்ளிப் போட்டவர்களுக்குத் தெரியும், லேசான அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்தால் பல் இடம் மாறும். காரணம், பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியில்லை. நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. பைக்குக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி, கடிக்கும்போது வரும் அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்கிறது.

இம்பிளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. 1950-களில் ஸ்வீடன் மருத்துவ ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் ப்ரோனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனதைக் கவனித்தார். எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் இந்த முறையில் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் வைத்தார். அந்த இறுகிய பிடிப்புதான் இம்பிளான்ட்டின் பலம். ஆனால், அதனாலேயே அது வளைந்துகொடுக்காது. கடிக்கும்போது சொந்தப் பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கும் என்றால், இம்பிளான்ட் 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்!

ஷெல்ஃப் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

மூன்று நான்கு இம்பிளான்ட்களைச் சேர்த்து ஒரே பிரிட்ஜாகப் போடும்போதுதான் சிக்கல் அதிகம். சுவரில் மூன்று இடங்களில் துளையிட்டு ஷெல்ஃப் மாட்டுகிறீர்கள். ஒரு துளை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. ஸ்க்ரூவைப் பலம்கொண்டு திருகினால் உள்ளே போய்விடும், பார்க்கவும் நேராகத்தான் தெரியும். ஆனால் பலகை, ஸ்க்ரூ, சுவர் மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

வாய்க்குள்ளும் அதே கதைதான். அளவு எடுப்பதில், மோல்டு செய்வதில், உலோகத்தை வார்ப்பதில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகு சேரும். ஸ்க்ரூவை முடுக்கியதும் இடைவெளி மூடிக்கொள்ளும். ஆனால் உள்ளிழுப்பு அப்படியே இருக்கும். நீங்கள் மெல்லும் ஒவ்வொரு வாயும் அதன்மேல் கூடுதல் சுமை. கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒடிகிற மாதிரி, முதலில் ஸ்க்ரூ லூஸாகும். கவனிக்காமல் விட்டால் உடையும். பீங்கான் பூச்சு தெறிக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால்தான் எந்த வலுக்கட்டாயமும் இல்லாமல் பிரிட்ஜ் தானாக உட்கார வேண்டும் என்கிறார்கள். அதைப் பார்க்க ஓர் எளிய டெஸ்ட் இருக்கிறது. ஒரு ஓரத்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கிவிட்டு, மறு ஓரம் மேலே தூக்குகிறதா என்று டாக்டர் பார்ப்பார். தூக்கினால் பிரிட்ஜை வெட்டி மறுபடி இணைக்க வேண்டும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டும்.

எல்லா இறுக்கமும் ஆபத்தா?

இல்லை. ஒற்றைப் பல் மாட்டும்போது பக்கத்துப் பற்கள் நெருக்கப்படுவது போலவும், ஈறு அழுந்துவது போலவும் சிறிது நேரம் தோன்றலாம். அது தானாகக் குறைந்துவிடும். ஆனால் பிரிட்ஜின் ஸ்க்ரூவை முடுக்க முடுக்க வலியோ இழுப்போ கூடினால், வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். 'அவ்ளோ பெரிய டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது' என்ற தயக்கமே வேண்டாம்.

இன்னொரு விஷயம். கடிக்கும் அழுத்தத்தை நுணுக்கமாக உணர்த்தும் நரம்புகளும் அந்த நார்த்திசுவில்தான் அதிகம். அதனால் இம்பிளான்ட் பல் உயரமாக இருந்தாலும் உங்களுக்குச் சட்டென்று தெரியாது. கலர் பேப்பரைக் கடிக்கவைத்து உயரத்தைச் சரிபார்க்கும்போது, அவசரப்படாமல் ஒத்துழையுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* "பிரிட்ஜுக்கு முதலில் மெட்டல் ஃப்ரேமை மட்டும் வச்சு ட்ரையல் பார்ப்பீங்களா?"
* "பொருத்தினதும் எக்ஸ்-ரே எடுத்து இடைவெளி இருக்கான்னு பார்ப்பீங்களா?"
* "ஸ்க்ரூவை டார்க் ரெஞ்ச் வச்சு முடுக்குவீங்களா?" எவ்வளவு விசையில் முடுக்க வேண்டும் என்பதை இம்பிளான்ட் கம்பெனியே சொல்லியிருக்கும். கை அளவு போதாது.
* "என்ன கம்பெனி, என்ன சைஸ்னு எழுதித் தர்றீங்களா?" கம்பெனிக்குக் கம்பெனி ஸ்க்ரூ மாறும். நாளை வேறு ஊரில் ரிப்பேர் என்றால் இந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.
* தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவில் போடும் நைட் கார்டு தேவைப்படலாம்.

லூஸானால் என்ன செய்வது?

பல் லேசாக ஆடுவது, கடிக்கும்போது 'டக்' என்று சத்தம், திடீரென்று அந்த இடத்தில் உணவு சிக்குவது, கெட்ட வாடை... இதில் எது வந்தாலும் அந்தப் பக்கம் கடிப்பதை நிறுத்திவிட்டு, ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே உள்ள ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் அதை முடுக்கினாலோ மாற்றினாலோ போதும். வலி இல்லையே என்று தள்ளிப்போட்டு அது உள்ளேயே உடைந்துவிட்டால், துண்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. இம்பிளான்ட்டே ஆடினால் அது வேறு பிரச்னை, எலும்பின் பிடிப்பு போயிருக்கலாம். எது ஆடுகிறது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஒருமுறை முடுக்கிய ஸ்க்ரூ மறுபடி மறுபடி லூஸானால், "இன்னொரு தடவை டைட் பண்ணிடுங்க" என்று நிறுத்தாதீர்கள். "ஏன் லூஸாகுது? ஃபிட்டிங் சரியா இருக்கா?" என்று கேளுங்கள்.