எடு, மாற்று, திருப்பி வை: மேஜிக் மேடையில் ரூபிக்ஸ் கியூப்

ரூபிக்ஸ் கியூபை வைத்து மேஜிக் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வித்தையின் ரகசியத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் கியூபைச் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். பார்வையாளர் கலைத்துக் கொடுத்ததை, அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சேர்க்கத் தெரிந்தவருக்கு மேடையில் பயமே கிடையாது. வித்தை பாதியில் கைநழுவினாலும் கியூபைச் சேர்த்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிடலாம். சேர்க்கத் தெரியாதவருக்கு அங்கே போக்கிடம் இல்லை.

புடாபெஸ்டில் கட்டடக்கலை பயின்று, கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக் 1974-இல் இதை உருவாக்கினார். தானே செய்த பொருளைக் கலைத்துவிட்டு மறுபடி சேர்க்க அவருக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெளியே தெரியும் கட்டைகள் 26. அவற்றில் 6 நடுக்கட்டைகள். இவை நின்ற இடத்திலேயே சுழலும், ஒன்றுக்கொன்று இடம் மாறாது. அதனால் வெள்ளை நடுக்கட்டை உள்ள முகம் வெள்ளை முகம்தான், அதில் குழப்பமே வேண்டாம். மீதி 8 மூலைக் கட்டைகளும் 12 ஓரக் கட்டைகளும்தான் ஊர் சுற்றுகின்றன. இந்த இருபதும் சேர்ந்து எடுக்கக்கூடிய நிலைகள் 4.3 லட்சம் கோடி கோடிக்கு மேல். குருட்டாம்போக்கில் திருப்பிக்கொண்டே இருந்தால் ஆயுளுக்கும் சேராது.

சிக்கல் என்னவென்றால், ஒன்றைச் சரிசெய்யப் போனால் ஏற்கெனவே சரிசெய்த ஐந்து கெட்டுவிடுகிறது. இதை விடுவிக்கும் வழியை உங்கள் சமையலறை ஷெல்ஃபிலேயே பார்க்கலாம். குறுகலான ஷெல்ஃப், டப்பாக்கள் இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கியிருக்கின்றன. பின்வரிசையில் இருக்கும் வெந்தய டப்பாவை எடுத்துவிட்டு அங்கே கடுகு டப்பாவை வைக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? முன்னால் இருக்கும் காப்பித்தூளை எடுப்பீர்கள், பிறகு சர்க்கரையை எடுப்பீர்கள். உள்ளே கைவிட்டு மாற்றுவீர்கள். பிறகு சர்க்கரையை வைத்து, காப்பித்தூளை வைப்பீர்கள். கடைசியாக எடுத்தது முதலில் உள்ளே போகும். முன்வரிசை பழையபடியே நிற்கும். பின்னால் மட்டும் ஒன்று மாறியிருக்கும். எடு, மாற்று, எடுத்ததைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி வை. கியூபைச் சேர்க்கும் சூத்திரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்று செயலின் கோவைதான்.

கையில் சேர்ந்த கியூப் ஒன்று இருந்தால் செய்து பாருங்கள். வலப் பக்கத்தை மேல்நோக்கி ஒரு கால் சுற்று. மேல் அடுக்கை இடப்பக்கமாக ஒரு கால் சுற்று. வலப் பக்கத்தைக் கீழே இறக்குங்கள். மேல் அடுக்கை வலப்பக்கமாகத் திருப்புங்கள். முதல் திருப்பு டப்பாவை வெளியே எடுத்தது, இரண்டாவது மாற்றியது, மூன்றாவது எடுத்ததைத் திருப்பி வைத்தது. நான்காவது, மாற்றும்போது நகர்ந்த மேல்தட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தது. நான்கு திருப்புக்குப் பிறகு இருபதில் ஏழு கட்டைகள்தான் மாறியிருக்கும். மீதி பதின்மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கும். இதே நான்கையும் விடாமல் ஆறு முறை செய்தால் கியூப் தானாகவே சேர்ந்த நிலைக்குத் திரும்பிவிடும். முதல் முறை இதைச் செய்து பார்க்கிறவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கியூபின் மீதான பயம் அங்கேதான் விடுகிறது.

கற்கும் வரிசை எளிது. முதலில் வெள்ளை முகத்தில் சிலுவை, பிறகு வெள்ளை மூலைகள், பிறகு நடு அடுக்கின் நான்கு ஓரங்கள், கடைசியில் மஞ்சள் அடுக்கு. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு வாரத்தில் பிடிபடும். இதில் நின்று பார்க்க வேண்டியது கடைசிப் படி மட்டும்தான்.

மஞ்சள் மூலைகள் நான்கும் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன, ஆனால் சிலவற்றில் மஞ்சள் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கிறது என்று வையுங்கள். அப்படித் திரும்பி நிற்கும் ஒரு மூலையை உங்கள் பக்கமாக, வலப்புற மேல் மூலையில் பிடித்துக்கொள்ளுங்கள். வலப் பக்கம் கீழே, அடி அடுக்கு இடப்பக்கம், வலப் பக்கம் மேலே, அடி அடுக்கு வலப்பக்கம். இரண்டு முறையிலோ நான்கு முறையிலோ மஞ்சள் மேலே வந்துவிடும். மஞ்சள்தான் வந்துவிட்டதே என்று கடைசித் திருப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. நிறையப் பேர் கோட்டைவிடுவது அந்த ஒரு திருப்பில்தான். இப்போது கீழே பார்த்தால் பாடுபட்டுச் சேர்த்த இரண்டு அடுக்கும் அலங்கோலமாக இருக்கும். பதற வேண்டாம். ஷெல்ஃபிலிருந்து எடுத்த டப்பாக்கள் இன்னும் சமையல் மேடையில் இருக்கின்றன, அவ்வளவுதான். கியூபைக் கையில் உருட்டாமல், மேல் அடுக்கை மட்டும் சுற்றி அடுத்த தவறான மூலையை அதே இடத்துக்குக் கொண்டு வந்து அதையே செய்யுங்கள். மூலைகளின் திருகல் ஒன்றையொன்று ஈடுகட்டித்தான் நிற்கும் என்பதால், எல்லா மூலைக்கும் சேர்த்துச் செய்யும் எண்ணிக்கை எப்போதும் 6 அல்லது 12 என்றே வந்து முடியும். ஆறாவது சுற்றில் எல்லாம் பழைய இடத்துக்கு வரும் என்று மேலே பார்த்தோமே, அதே கணக்குதான்! கடைசி மூலை நிமிரும் அந்த நொடியில் கீழ் அடுக்குகளும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

மேஜிக்காரருக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை. கடைசி நாலைந்து நொடி வரை பார்வையாளர் கண்ணுக்குக் கியூப் கலைந்தே கிடக்கிறது. பிறகு ஆறு நிறமும் ஒரே மூச்சில் கூடுகின்றன. வேகப்போட்டிக்காரர்கள் இந்தப் படியை ஒதுக்கிவிட்டு, கடைசி அடுக்குக்கு மட்டும் 57-ம் 21-மாக 78 சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். அமெரிக்காவின் மேக்ஸ் பார்க் 2023-இல் 3.13 நொடியில் சேர்த்தார். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் மேடைக்கு அந்த வேகம் ஒத்துவராது என்பது என் தீர்மானமான எண்ணம். நடந்ததைப் பார்வையாளர் பார்க்கவே இல்லை என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? மேடைக்கு வேண்டியது, ஷெல்ஃபைப் பார்க்காமலே கடுகு டப்பாவை எடுக்கும் கையின் பழக்கம். சூத்திரம் விரலில் ஊறிவிட்டால் கண்ணும் வாயும் பார்வையாளருக்குக் கிடைக்கும். இதற்குப் பயிற்சி, வீட்டில் யாரிடமாவது கதை பேசிக்கொண்டே சேர்ப்பதுதான்.

இன்னொரு உண்மையையும் மேஜிக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சேர்ந்த கியூபை நாலைந்து திருப்பு திருப்பினாலே ஆறு முகமும் குழம்பிவிடும். கண்டபடி கலைத்த கியூபையும் இதையும் பக்கத்தில் வைத்தால், பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த வரிசையில் எடுத்தோம் என்று தெரிந்தவருக்கு, திருப்பி வைக்க இரண்டு நொடி போதும். எவ்வளவு கலைந்த கியூபும் சேர்ந்த நிலையிலிருந்து 20 திருப்புக்கு மேல் விலகிப் போகவே முடியாது என்று டோமாஸ் ரோகிக்கியும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் 2010-இல் கணினி உதவியோடு நிறுவினார்கள். அமெரிக்க மேஜிக் கலைஞர் ஸ்டீவன் பிரண்டேஜ் 2015-இல் பென், டெல்லர் இருவரின் ‘ஃபூல் அஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கியூப் வித்தையாலேயே அந்த இரு மூத்த மேஜிக்காரர்களையும் திகைக்க வைத்தார். அவர் வித்தையை இங்கே உடைத்துச் சொல்வது முறையல்ல. அது அவர் சோறு.

மேடை ஏறும் முன் ஒரு எச்சரிக்கை. பார்வையாளர் கலைக்கும்போது ஒரு மூலையை அழுத்தித் திருகிவிட்டால், எந்தச் சூத்திரத்தாலும் அந்தக் கியூப் சேராது. கட்டைகளைப் பிரித்து எப்படியோ மாட்டினால், பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் சேரக்கூடியதாக அமையும். கடைசிப் படியில் மூன்று மூலை சரியாக இருந்து ஒன்று மட்டும் திரும்பி நின்றால் தவறு உங்களுடையது அல்ல. கியூபைத் தாழ்த்தி, பேச்சை விடாமல், அந்த மூலையைக் கட்டைவிரலால் திருகி நேராக்கிவிட்டுத் தொடருங்கள். வேகப்போட்டிக்கான கியூப்கள் வழுக்கிக்கொண்டு சுழலும். மூலை திருகுவதும் அவற்றில்தான் சுலபம். நடுக்கட்டையின் மூடியை நெம்பினால் உள்ளே ஒரு திருகாணி இருக்கும். ஆறு பக்கமும் அதைச் சம அளவில் கொஞ்சம் இறுக்கி வைத்துவிட்டுப் பார்வையாளர் கையில் கொடுங்கள்.