பழம்படகு விற்கும் வழி இரண்டு

கட்டுமரம் என்னும் நம் தமிழ்ச்சொல், கடல் கடந்து ஆங்கிலத்திற் புகுந்து, இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள படகுக் கடைகளில் இரட்டையுடற் படகுகளுக்குப் பெயராய் வழங்குகின்றது. சொல் சென்ற இடத்திற்கு நம்மவரும் சென்றுளர். எம் கல்லூரியிற் பயின்று, ஆண்டு பலவாக ஃபுளோரிடா மாகாணத்தில் வாழ்ந்துவரும் பழைய மாணவ நண்பரொருவர் எமக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு வினா விடுத்திருந்தார். தம்மிடமுள்ள பழைய மோட்டார்ப் படகை நீக்கிச் சற்றே பெரிய படகொன்று வாங்கக் கருதுவதாகவும், பழையதைப் படகுக் கடைக்காரரிடமே ஈடாகக் கொடுத்துவிடுவதா, அன்றித் தாமே ஆள் தேடி விற்பதா, இவ்விரண்டனுள் எது நலம் என்றும் கேட்டிருந்தார்.

படகு யாம் உடையோமல்லேம். ஆயினும் வினா பொருளாதார நூலைச் சார்ந்ததாகலின், விடை தேட முற்பட்டோம். தேடுந்தோறும் விடை விரிந்தது. படகு ஒருபோதும் வாங்கப் போகாத மாணவருக்கும் இதனால் ஒரு பயன் உண்டு எனக் கண்டமையால், ஈண்டு அதனைச் சுருக்கி வரைகின்றோம்.

படகுடையானுக்கு இன்பநாள் இரண்டே, ஒன்று படகை வாங்கிய நாள், மற்றொன்று அதனை விற்ற நாள் என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வாங்கிய நாளின் இன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. விற்ற நாளின் இன்பம் எத்துணைத்து என்பது, எவ்வழியில் விற்றனர் என்பதைப் பொறுத்தது.

வழி இரண்டு என்றோம். முதலாவது, புதுப்படகு விற்கும் கடைக்காரரிடம் பழம்படகை ஒப்புவித்து, அதற்கு அவர் மதிக்கும் தொகையைப் புதியதன் விலையிற் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்தல். இதனை மாற்றுமுறை என்க. இரண்டாவது, விளம்பரஞ் செய்து, வருவோர்க்குப் படகைக் காட்டி, விலை பேசித் தாமே விற்றல். இதனைத் தனிமுறை என்க. இவற்றிற்கு இடைப்பட்டதாய்த் தரகர்வழி விற்கும் முறையும் உண்டு. ஆங்குத் தரகு பெரும்பாலும் விலையிற் பத்தில் ஒரு பங்கு. பெரும்படகுகளுக்கே அது மிகவும் ஏற்றதாகலின், அதனை இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

கடைக்காரர் கொடுக்கும் விலை குறைவு என்பதே முதற்கண் எவருக்கும் தோன்றுங் குறை. குறைவது உண்மையே. ஆனால் அதன் காரணத்தை அறிதல் வேண்டும். அவர் வாங்குவது தாம் ஏறிச் செலுத்துதற்கன்று, மீண்டும் விற்றற்கு. வாங்கிய படகை ஆராய்ந்து, பழுது நீக்கி, துடைத்து மெருகிட்டு, விற்குமளவும் இடங்கொடுத்துக் காத்தல் வேண்டும். அதில் முடங்கிய பணத்திற்கு வட்டி ஏறும். மிச்சிகன் முதலிய வடபகுதிகளில், குளிர் தொடங்குமுன் இயந்திரத்திலுள்ள நீரை வடித்து, படகைக் கரையேற்றி மூடிவைக்கவும் வேண்டும். விற்றபின் குறை கூறி வருவோர்க்கு முகங்கொடுப்பவரும் அவரே. இவையனைத்தையும் எண்ணியே அவர் மதிப்பிடுகின்றார். பி.யூ.சி., ஜே. டி. பவர் முதலிய பெயர்களால் வழங்கும் விலைக் குறிப்புகள் அவர்க்கு அளவுகோலாம். விற்போரும் அவற்றைப் பார்த்துக்கொண்ட பின்னரே கடைவாயிலை மிதித்தல் நன்று.

இனி, கணக்கிற்கு வருவோம். எளிமை கருதி எண்களை முழுமையாக்கிக் கொள்கின்றோம். புதுப்படகின் விலை 60,000 டாலர் என்க. பழம்படகிற்குக் கடைக்காரர் கொடுப்பது 20,000 டாலர். தனிமுறையில் கிடைக்கக்கூடியது 25,000 டாலர். வேறுபாடு 5,000 என்று மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் சொல்வர். அது பிழை, வரியை அவர் மறந்தனர்.

ஃபுளோரிடாவில் மாகாண விற்பனை வரி நூற்றுக்கு ஆறு. ஆனால் ஒரே விற்பனையின் பகுதியாகப் பழம்படகை ஈடு கொடுப்பின், மிச்சத் தொகைக்கே வரி விதிப்பர். தனிமுறையில் விற்று, பின்னர்ப் புதியதை முழுப்பணங் கொடுத்து வாங்குவோர் 60,000 டாலருக்கு 3,600 வரி செலுத்த வேண்டும். மாற்றுமுறையிலோ 40,000 டாலருக்கு 2,400 மட்டுமே. ஆகவே வரியில் 1,200 டாலர் மிஞ்சுகின்றது. கடைக்காரர் கொடுத்த 20,000 உண்மையில் 21,200 ஆகின்றது. வேறுபாடு 3,800 ஆகக் குறைந்தது.

வரிச்சட்டம் மாகாணந்தோறும் மாறும் என்பதை ஈண்டு நினைவிலிருத்துக. மிச்சிகனில் இத்தகைய சலுகை படகுகளுக்கு 2013ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. கலிஃபோர்னியாவில் அஃது இல்லை. ஆங்கு முழுவிலைக்கும் வரியாதலின், வேறுபாடு 5,000 ஆகவே நிற்கும். ஃபுளோரிடாவிலும் ஒரு நுட்பம் உண்டு. 2010ஆம் ஆண்டு ஜூலை முதல், ஒரு படகிற்கு வரி 18,000 டாலருக்கு மேற்படலாகாது என்பது அம்மாகாணத்து விதி. எனவே 6,00,000 டாலர்ப் படகு வாங்கும் செல்வர், 2,00,000 டாலர் மதிப்புள்ள படகை ஈடு கொடுப்பினும், மிச்சம் 4,00,000 ஆகலின் வரி அதே 18,000தான். அவருக்கு இச்சலுகையாற் பயன் ஒன்றுமில்லை. நடுத்தரப் படகு உடையோர்க்கே அது கைகொடுக்கின்றது.

நிற்க. தனிமுறையில் விற்போர்க்குச் செலவில்லையோ எனின், உண்டு. விளம்பரம், துப்புரவு, சிறுபழுது நீக்கல் ஆகியவற்றிற்கு 800 டாலர் என்க. வேறுபாடு இப்பொழுது 3,000. படகு விலைபோகுமளவும் துறைவாடகை, காப்புறுதி, கடன்வட்டி ஆகியவை மாதம் 500 டாலர் என்று கொள்க. ஆறு மாதத்தில் அந்த 3,000 டாலரும் கரைந்துவிடும். இரண்டு மாதத்தில் விற்பவர்க்கு 2,000 டாலர் ஊதியம். ஆறு மாதம் கடந்தவர்க்கு நட்டம். எனவே 'எது நலம்' என்னும் வினாவிற்கு முதல்விடை, 'எத்துணை மாதத்தில் விற்பீர்?' என்னும் எதிர்வினாவேயாம். வடபகுதிகளில் வசந்தத்தில் ஆள் தேடி வருவர். இலையுதிர்காலத்திலோ குளிர்கால வாடகைக்கு அஞ்சி எவரும் வாரார். ஆகவே காலமும் விலையில் ஒரு கூறு.

கடனுள்ள படகிற்கு மற்றோர் இடர் உண்டு. கடன் 22,000 இருக்கக் கடைக்காரர் 20,000 மட்டுமே மதிப்பின், குறையும் 2,000 புதுக்கடனோடு சேர்க்கப்படும். இன்று வாங்கும் படகின்மீது, இல்லாத பழம்படகின் கடனும் ஏறி நிற்கும். இதனைப் பலர் கவனியாது கையெழுத்திடுகின்றனர். தனிமுறையிலோ, கடன் தீராத படகை வாங்கப் பிறர் அஞ்சுவர். கடன் கொடுத்த வங்கியிலேயே இருவரும் அமர்ந்து பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றிக்கொள்வதே தக்க வழி. முன்பின் அறியாதார் நீட்டும் வங்கிக் காசோலையை நம்பிப் படகை விட்டுவிட்டுப் பின்னர் அது பொய்யென்று கண்டவரும் உளர். காசோலையை வழங்கிய வங்கியிலேயே உசாவித் தெளிந்தபின் சாவியைக் கொடுத்தல் வேண்டும். விற்றவுடன் மாகாண அலுவலகத்திற்குக் கைமாற்றத்தை அறிவித்தலும் மறவற்க. இல்லையேல் பிறர் செய்யும் விபத்திற்குத் தாம் விடையிறுக்க நேரும்.

மாற்றுமுறையிலும் ஒரு சூழ்ச்சிக்கு இடமுண்டு. பழம்படகிற்கு 20,000க்கு மாறாக 23,000 தருவேன் என்பார் கடைக்காரர். புதியதன் விலையில் விட்டுக்கொடுத்திருக்கக்கூடிய 3,000 டாலரை விட்டுக்கொடாமல் நிறுத்திக்கொள்வார். வாங்குவோர் தம் படகை உயர்வாய் மதித்தனர் என மகிழ்வர். ஆகவே பழையதன் விலையையும் புதியதன் விலையையும் தனித்தனியே நோக்கி மயங்காது, கையினின்று போகும் மிச்சத்தொகை யாது என்பதொன்றையே நோக்குக. முதலிற் புதியதன் விலையை முடிவு செய்து, பின்னர்ப் பழையதைப் பற்றிப் பேசுதல் சிறந்தது.

இவ்வளவும் எண்கணக்கு. இவற்றினும் ஆழ்ந்ததொன்றைப் பொருளாதார நூலார் காட்டியுள்ளனர். 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்க அறிஞர், பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை முன்னர் மூன்று சஞ்சிகைகள் மறுத்திருந்தன. 2001ஆம் ஆண்டில் அவர்க்கு வேறிருவரோடு நோபல் பரிசு கிடைத்தற்கு அக்கட்டுரையே முதற்காரணம். அவர் கருத்தை யாம் படகின்மேல் வைத்துச் சொல்லுகின்றோம். சந்தையிற் பாதிப் படகுகள் நல்லன, 30,000 பெறுவன. பாதி தீயன, 10,000 பெறுவன என்க. எது நல்லது என்பது விற்போர்க்குத் தெரியும், வாங்குவோர்க்குத் தெரியாது. ஆதலின் வாங்குவோர் இரண்டிற்கும் நடுவாகிய 20,000 டாலரே கொடுக்க இசைவர். நல்ல படகுடையார் அவ்விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையினின்று விலகுவர். எஞ்சுவன தீயனவே. அஃதறிந்த வாங்குவோர் விலையை இன்னுங் குறைப்பர். இவ்வாறு, ஏமாற்றுவோர் சிலர் இருத்தலாலே நேர்மையுடையார் பலர்க்கும் சந்தை அடைபட்டுப்போகின்றது.

படகிற்கு இவ்வுண்மை மிகப் பொருந்தும். வண்டியின் துருவைக் கண் காணும். படகிலோ, கண்ணாடியிழைப் பூச்சுக்கு உள்ளே அடைபட்ட மரம் ஈரம் பாய்ந்து உளுத்திருப்பினும், வெளிப்புறம் பளபளவென்றிருக்கும். உப்புநீர் ஓடிய இயந்திரத்தின் உள்வாய்க்கால்கள் அரிக்கப்பட்டிருப்பதும் புறத்தே தோன்றாது. இதனாலேயே படகாய்வாளர் என்னும் ஒரு தொழிலினர் உளர். அவர் சிறு சுத்தியலால் உடல் முழுதும் தட்டி ஓசை கேட்பர், ஈரமானியால் அளப்பர், இயந்திரம் ஓடிய மணிக்கணக்கை நோக்குவர், நீரிற் செலுத்தியும் பார்ப்பர். படகின் நீளத்தை அடிக்கணக்கிட்டுக் கூலி பெறுவர். 1972ஆம் ஆண்டு நவம்பர் முதல் கட்டப்படும் ஒவ்வொரு படகிற்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுங் கொண்ட அடையாளக் குறி இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பத்திரத்திலுள்ள குறியும் படகிலுள்ள குறியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தலும் வாங்குவோர் கடமை.

இப்பொழுது மேற்சொன்ன 5,000 டாலர் வேறுபாட்டை மீண்டும் நோக்குக. அது கடைக்காரரது செலவும் ஊதியமும் மட்டுமன்று. ஒரு பங்கு நம்பிக்கையின் விலையுமாம். அவர் படகை ஆராய்ந்து, தம் பெயரை அதன்மேல் வைத்து விற்கின்றார். அப்பெயருக்காகவே வாங்குவோர் மிகுதி கொடுக்கின்றனர். தாமே விற்போர் அந்நம்பிக்கையைத் தாமே உண்டாக்கக் கூடுமாயின், அவ்விலை அவர்க்கே உரியதாகும். ஆண்டுதோறும் செய்த பராமரிப்பின் சீட்டுகளைக் காட்டுதல், ஆய்வாளரை அழைத்துவரச் சொல்லுதல், குறையைத் தாமே முன்னர்க் கூறுதல் ஆகியவை அதற்கு வழி. நன்கு பேணிய படகிற்குத் தனிமுறை நலம். பேணாத படகைத் தனிமுறையில், குறையை மறைத்து, அதிக விலைக்கு விற்பவரோ, நம்பிக்கையைக் கொடாமலே நம்பிக்கையின் விலையைப் பெற்றவராவர்.

இதனை யாம் வலியுறுத்துதற்குக் காரணம் உண்டு. நண்பர் இரண்டாங் கடிதத்தில் முதலிற் சொல்லாததொன்றைச் சொல்லியிருந்தார். படகின் பின்புறத்து நிற்கும் பலகை, அஃதாவது இயந்திரம் தொங்கும் பலகை, ஓரிடத்தில் அழுத்தினால் மெத்தென்று இருந்ததாம். இளைஞரொருவர் தம் சிறு மக்கள் இருவரோடு வந்து பார்த்து, ஆய்வாளரையும் அழையாது, 25,000 கொடுக்க அப்பொழுதே இசைந்தனராம். 'உள்ளபடியே விற்கின்றேன்' என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் சட்டம் தம்மைத் தொடுமோ என்று நண்பர் வினவியிருந்தார். சட்டத்தின் விடை மாகாணத்திற்கு மாகாணம் மாறும். தெரிந்தே மறைத்த குறைக்கு அச்சொல் எங்குங் கேடயமாகும் என்று நம்புதற்கில்லை என எழுதினோம். நீரிலோ விடை ஒன்றே. அப்பலகை கரையினின்று நெடுந்தொலைவிற் பிளந்தால், இயந்திரம் சாய, பின்புறத்தால் வெள்ளம் புகும். வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம்; படகு நின்றால் இறங்கி நடத்தற்கு இடமில்லை. இதனையும் எழுதினோம்.

மூன்றாங் கடிதம் குறியது. இளைஞரிடம் குறையைச் சொன்னாராம். அவர் நன்றி கூறிப் போய்விட்டாராம். பின்னர்க் கடைக்காரரிடம் சென்று, அவர் ஆள் சுத்தியலை எடுக்குமுன்னரே இவர் பலகையைச் சுட்டிக்காட்டினாராம். 20,000 என்றது 18,000 ஆயிற்று, வரிச்சலுகையோடு 19,080. பலகையை மாற்றிய பின்னரே அதனை விற்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். எண்ணிப் பார்த்தால் நட்டந்தான் என்று நண்பர் எழுதியிருந்தார்; வருத்தத்தோடு எழுதியதாகத் தோன்றவில்லை.

ஆகவே முடிபு இது. விரைவில் விற்கக்கூடிய, நன்கு பேணிய, கடனற்ற படகாயின் தனிமுறை ஏற்றது. வரிச்சலுகை இல்லாத மாகாணத்தில் அது பின்னும் ஏற்றது. சலுகை உள்ள இடத்தில், காலமும் பொறுமையும் குறைந்தவர்க்கும், பருவந் தவறியவர்க்கும் மாற்றுமுறை நலம். பழுதுற்ற படகாயின், எவ்வழியிற் சென்றாலும், பழுதை வாயாற் சொல்லியே விற்றல் வேண்டும். பொருள்நூல் கற்கும் எம் மாணவர், வரியையும் வட்டியையும் மாதத்தையும் கணக்கிற் சேர்க்கப் பழகுக. அக்கணக்கின் இறுதி வரியில், வாங்குவோர் அப்படகில் யாரை ஏற்றிச் செல்வர் என்பதையும் சேர்த்துக்கொள்க.