திரை இருண்டால் குற்றம் கூரையிலா, கொள்கையிலா?

புதுதில்லி: பழைய தூர்தர்ஷனில் அலை குறைந்தால் படத்தில் புள்ளிகள் விழும்; செய்தியாவது காதில் விழும். டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பில் அந்தச் சலுகை கிடையாது. அலை ஓரளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். மேலும் குறைந்தால் திரை இருண்டுவிடும்.

தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்பட 16 நகரங்களில் 2016 பிப்ரவரியில் இச்சேவை தொடங்கியது. சந்தா இல்லை, டிவிபி-டி2 ட்யூனர் இருந்தால் போதும்.

படம் விட்டுவிட்டு வந்தால், முதலில் ஆன்டெனாவை ஒரே தொலைக்காட்சியுடன் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கேபிளைப் பல பெட்டிகளுக்குப் பிரித்தால் அலை பலவீனப்படும். அலையின் வலிமை, தரம் இரண்டும் குறைவு எனில் ஆன்டெனாவின் உயரமும் திசையும், மழைநீர் புகுந்த கேபிள் இணைப்பும் சந்தேகத்துக்குரியவை. வலிமை இருந்தும் தரம் குறைந்தால், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையோ, தேவைக்கு மிஞ்சிய பூஸ்டரோ காரணமாகலாம். கோபுரத்துக்கு அருகில் பூஸ்டரை அகற்றுவதே மருந்து.

ஆனால், எல்லாக் குறையும் கூரையில் இல்லை. பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் மூடப்படும் என 2021-இல் பிரசார் பாரதி அறிவித்தது. 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரம் வகுத்ததோ, செயற்கைக்கோள் ட்யூனர் உள்ள தொலைக்காட்சிகளுக்கு. டிஷ் பொருத்த இடமில்லாத வாடகை வீட்டுக்காரருக்குப் பொது ஒளிபரப்பு எவ்வழியில் சேரும்? இதற்கு விடை சொல்ல வேண்டியவர் ஆன்டெனா பொருத்துபவர் அல்லர், அரசு.