பூச்சியமாகிய அபராதம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். 1973 இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கர்களும் வரிசையில் நின்றார்கள். ஆனால் அங்கே சிக்கனத்தைச் சாரதியின் தலையில் மட்டும் கட்டவில்லை. 1975 இல் வந்த சட்டம் கார் நிறுவனங்களைப் பிடித்தது. ஒரு நிறுவனம் ஆண்டொன்றில் விற்கும் கார்களின் சராசரி, 1985 இல் கலனுக்கு 27.5 மைலை எட்டவேண்டும். நம் கணக்கில் லீற்றருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீற்றர். பெற்றோல் குடிக்கும் காரையும் விற்கலாம், ஈடுகட்டச் சிக்கனமான கார்களும் விற்கவேண்டும். தவறினால், குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும் விற்ற காருக்கு 5 டொலர் அபராதம். பின்னர் அது கூட்டப்பட்டது.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது: சிறு ட்ரக்குகளுக்கு அளவு குறைவு. எஸ்யூவிகள் அந்த வழியால்தான் பெருகின.

2025 ஜூலையில் அபராதத்தையே பூச்சியமாக்கிவிட்டார்கள். தரம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மீறும் நிறுவனம் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. கூடுதல் பெற்றோலுக்குக் காசு கொடுப்பவர் காரை வாங்கியவர்.